நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வாடகை வீடு: வளர்ந்த நம் பிள்ளைகளுக்காக

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் என்று ஏதோ ஒன்றோடு வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்: நமக்கப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்? வழக்கமான பதில்கள் மூன்று. கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம். மூன்றாவதை வெளியே சொல்ல மாட்டார்கள், பல அம்மாக்கள் சாமி முன்னால் மட்டும் சொல்வார்கள்: எனக்கு முன்னாடியே இவன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள், பின்னால் நின்று நடத்துவதற்கு அவர்களுடைய குடும்பங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பி இப்போது அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறான். தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதை அப்பா அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் போன பிறகு, துக்கத்தோடு துக்கமாக, பிள்ளையை ஒரே வாரத்தில் தெரியாத இடத்துக்குப் பெட்டி கட்டி அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

இது சரிப்பட்டு வருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: சென்னையில் 1993-இல் தொடங்கிய பானியன் அமைப்பு, பல வருஷம் மனநல மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கிடந்த பெண்களை நாலைந்து பேராகச் சாதாரண வீடுகளில் குடிவைத்து, ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் நடத்துகிறது. அவர்கள் மனநோயோடு வாழ்கிறவர்கள், நம் பிள்ளைகளின் தேவை வேறு, ஆனால் வீட்டுக்கார ஓனர், பக்கத்து வீடு, காய்கறிக் கடை எல்லாம் ஒன்றுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற ‘ஆஷா நிகேதன்’ இல்லங்கள் பெங்களூரு, சென்னை, கொல்கத்தா ஆகிய ஊர்களில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. சட்டமும் நம் பக்கம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஊரோடு சேர்ந்து வாழ்வது அவர்கள் உரிமை என்கிறது, இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

முதலில் குடும்பங்கள், அப்புறம்தான் வீடு

நிறையப் பேர் இடம் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். ஊருக்கு வெளியே அரை ஏக்கர், தென்னை மரம், காம்பவுண்டு சுவர், வாசலில் பெரிய போர்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பஸ் வராத இடத்துக்கு வேலைக்கு ஆள் வராது, சொந்தக்காரர் வர மாட்டார், ராத்திரி வலிப்பு வந்தால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும். ஆகவே இடத்தை மறந்துவிட்டு முதலில் ஒத்துப்போகிற நாலு குடும்பத்தைத் தேடுங்கள். ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்ந்து படித்தவர்கள், தொழிற்பயிற்சி மையத்துக்குப் போகிறவர்கள், தெரபி சென்டரில் காத்திருந்து பழகிய பெற்றோர்கள், இந்த வட்டத்துக்குள்ளேயே கிடைப்பார்கள். மூன்று பேருக்குக் குறைந்தால் தலைக்கு விழுகிற செலவு தாங்காது, ஆறைத் தாண்டினால் அது வீடாக இருக்காது, ஹாஸ்டலாகிவிடும்.

பெற்றோர்கள் சிநேகிதமாக இருப்பது முக்கியமில்லை, உள்ளே இருக்கப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டும். குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவரையும், நாள் முழுக்க உரத்த குரலில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பவரையும் ஒரே வீட்டில் வைத்தால் இரண்டு பேருக்கும் நரகம். சாமான் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும் என்கிற ஆட்டிசம் உள்ளவரோடு, கண்டதை எடுத்துக் கண்ட இடத்தில் போடுகிறவர் ஒத்துப்போக மாட்டார். சனி ஞாயிறுகளில் யாராவது ஒருவர் வீட்டில் எல்லாரையும் தங்கவைத்துப் பாருங்கள், அப்புறம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல. டைனிங் டேபிளைவிட டி.வி. ரிமோட்டில்தான் உண்மை தெரியும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொருவருக்கும் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி தூங்குவது வரை எதைத் தானே செய்கிறார், எதற்கு உதவி வேண்டும் என்று எழுத வேண்டும். ‘குளிப்பான்’ என்று ஒரே வார்த்தையில் எழுதினால் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வான், முதுகுக்குச் சோப்பு போடத் தெரியாது, சூடு பார்க்கத் தெரியாததால் ஹீட்டர் சுவிட்சை வேறு ஆள்தான் போட வேண்டும், தலை துவட்ட ஞாபகப்படுத்த வேண்டும், இப்படி எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நோட்டை இன்னொரு குடும்பத்திடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நாமே செய்து செய்து பழகிய வேலைகள் நம் கண்ணுக்குத் தெரியாது. மீனில் முள் எடுத்துக் கொடுப்பதையோ செருப்பை இடது வலது பார்த்து வைப்பதையோ எந்த அம்மாவும் உதவி என்று எழுத மாட்டார். எத்தனை ஆள் வேண்டும், ராத்திரி முழித்திருக்க ஆள் வேண்டுமா இல்லை கூடப் படுத்திருந்தால் போதுமா என்பதெல்லாம் இந்த நோட்டிலிருந்துதான் வரும்.

முக்கியமாக, அவர்களையே கேளுங்கள். பேச்சு வராதவர்களுக்குப் போட்டோ காட்டலாம், நேரில் கூட்டிப்போய்க் காட்டலாம், எந்த அறையில் போய்த் தானாக உட்காருகிறார், யார் பக்கத்தில் உட்காருகிறார் என்று பார்க்கலாம். வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், எப்படிச் சொன்னாலும், அது பதில்தான். கொஞ்ச மாசம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

வீடு பிடிப்பது

தரைத்தளம். தனி வீடாக இருந்தால் நல்லது, அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனில் முதலிலேயே பேசிவிட வேண்டும். பஸ் ஸ்டாப், மளிகைக் கடை, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, ஒரு ஆஸ்பத்திரி, இவை நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். ஓனரிடம் எதையும் மறைக்காதீர்கள். குடிபோன பிறகு தெரிந்து காலி பண்ணச் சொன்னால், பழகிய இடத்தைவிட்டு நாலு பேரைப் பெயர்ப்பது சாதாரண வேலை இல்லை. ‘மெண்டல் ஹோமா?’ என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்பார்கள். இல்லை, குடும்பங்கள் சேர்ந்து எடுக்கிற வீடு, வாடகைக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஏற்கெனவே பிள்ளைகள் போய் வருகிற மையத்துக்கு அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முடியாது என்பவரை விட்டுவிட்டு அடுத்த வீடு பாருங்கள், கெஞ்சி வாங்கிய வீட்டில் தினமும் கெஞ்ச வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்கு மட்டும் போடாமல் நீண்ட காலத்துக்குப் பதிவு செய்து போட்டால் நிம்மதி.

உள்ளே சில மாற்றங்கள் கட்டாயம். பாத்ரூம் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. காஸ் சிலிண்டருக்கு வெளியில் கூண்டு. ஆளாளுக்குத் தனி அலமாரி, அதற்கு அவர்கள் கையிலேயே சாவி. கிரில் கேட்டை ராத்திரி பூட்டுவதாக இருந்தால் அந்தச் சாவி கேட்டுக்குப் பக்கத்திலேயே, உதவியாளர் இருட்டிலும் எடுக்கிற ஆணியில் தொங்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இல்லத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி வேண்டாம், பூட்டிய கதவே போதும் அதே மாதிரி ஆவதற்கு. நெருப்பு என்றால் வெளியே ஓட வேண்டும் என்பதை மாசம் ஒரு தடவை விளையாட்டு மாதிரி ஓடிப் பழக்குங்கள்.

ஆள்

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான விஷயம் இதுதான். பணம் பெரும்பகுதி போவதும் இதற்குத்தான், போகத்தான் வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்கள், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் யாரையோ இழந்த மாதிரி துவண்டு போவார்கள். குறைந்தது பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், வார விடுமுறைக்கு மாற்றாள் ஒருவர் வேண்டும். பெண்கள் இருக்கிற வீட்டில் குளிப்பாட்டுவது, மாதவிடாய் நாட்களில் உதவுவது எல்லாம் பெண்கள்தான் செய்ய வேண்டும். போலீஸ் சரிபார்ப்பு செய்யுங்கள். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள், போனில் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள்.

எப்படிப்பட்ட ஆள்? படிப்பு அவ்வளவு முக்கியமில்லை. பொறுமை வேண்டும் என்று சொல்வார்கள், நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிகிறதா என்பதை. சுறுசுறுப்பான ஆட்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிடுவார்கள், வீடு பளபளவென்று இருக்கும், நம் பிள்ளைகள் சோபாவில் உட்கார்ந்து எடை போடுவார்கள். தம்பி வீட்டில் சாதம் வைப்பது அவன் பொறுப்பு. அவனுக்கு எண்ணத் தெரியாது. அங்கே இருக்கிற அக்கா ஒரு கிண்ணத்தில் மூன்று புளியங்கொட்டை போட்டு வைத்தார், ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், முதல் கிண்ணம் காலியானால் அடுப்பை அணைக்க வேண்டும். ஆரம்பத்தில் அவன் கையைப் பிடித்துச் செய்தார், அப்புறம் விரலால் காட்டினார், அப்புறம் அடுப்படி வாசலில் நின்றார், இப்போது ஹாலில் உட்கார்ந்து விசிலை மட்டும் கேட்டுக்கொள்கிறார். எதைக் கற்றுக்கொடுத்தாலும் இந்த வரிசையில்தான் உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களை வயசுக்கேற்ற மரியாதையோடு கூப்பிடச் சொல்லுங்கள், அண்ணா, அக்கா, வாங்க, போங்க. நாற்பது வயது ஆளை ‘டேய் தங்கம்’ என்று கன்னத்தைக் கிள்ளுகிறவரை, நல்லெண்ணம்தான் என்றாலும், ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மருந்தில் விளையாடக் கூடாது. வாரத்துக்குப் பிரித்து வைக்கிற மாத்திரை டப்பா, கொடுத்ததும் கையெழுத்துப் போட ஒரு தாள். வலிப்பு மாத்திரையை, இப்போதுதான் வருவதில்லையே என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்குக் கீழே துணி, எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்க்க வேண்டும், 5 நிமிஷத்தைத் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆள் நிச்சயம் சாவியோடு ஓடி வருவார்.

அடி, வசவு, பட்டினி, தொடக் கூடாத இடத்தில் தொடுவது. இவை நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, நடக்கிற வாய்ப்பைக் குறைக்கலாம். யாராவது ஒரு குடும்பத்தினர் எந்த நேரமும் சொல்லாமல் வந்து போகலாம் என்பது வேலைக்குச் சேரும்போதே பேசப்பட வேண்டும். நம் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வராமல் நாலு பேரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். திடீரென்று குளிக்க அடம்பிடிப்பது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்குவது, படுக்கையை நனைப்பது, இதையெல்லாம் ‘பிஹேவியர்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

பணம்

வாடகை, சம்பளம், மளிகை, கரண்ட் பில், ஆட்டோ, மருந்து எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் பழுது பார்க்க, ஆஸ்பத்திரிக்கு என்று கொஞ்சம் சேர்த்து நாலால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஆறு மாசப் பங்கை முன்பணமாகப் பொதுக் கணக்கில் போட்டுவிட வேண்டும், ஒரு குடும்பத்தில் வேலை போனாலோ சாவு விழுந்தாலோ அடுத்த மாசமே வீடு ஆட்டம் காணாமல் இருக்க. வரவு செலவு நோட்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். எங்கள் வீட்டில் கோபமெல்லாம் பெரிய தொகைக்கு வந்ததே இல்லை, யார் பிள்ளை அதிகம் பால் குடிக்கிறான் என்பதில்தான் வந்தது.

வருகிற பக்கம் என்னென்ன? மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள். தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி, வெளிநோயாளிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. வருஷா வருஷம் புதுப்பிக்க மறக்காதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருக்கிற பெற்றோருக்கு ஆடிட்டர்கள் 80டிடி என்று சொல்லும் கழிவு 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

பெரிய விஷயம் குடும்ப ஓய்வூதியம். அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அவர்களுக்குப் பின் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கிறது. இதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, மருத்துவச் சான்றிதழோடு ஆபீஸில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் சித்தப்பாவோ அக்காவோ ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாடு. தனியார் வேலையில் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களின் பிள்ளைக்கும், நிரந்தரமான முழு ஊனம் என்றால் வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு.

கையெழுத்து யாருடையது

18 வயது முடிந்ததும் பெற்ற தாயே சட்டப்படி பாதுகாவலர் இல்லை. இது பலருக்குப் பாங்க் கவுண்டரில்தான் தெரியவருகிறது. 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அடங்கிய உள்ளூர் குழு பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நியமிக்கப்பட்டவர் ஆறு மாசத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும், சரியில்லை என்றால் குழு அவரை நீக்கலாம். எல்லாவற்றுக்கும் பாதுகாவலர் தேவையா என்பதையும் குழு பார்க்கும். நீங்களும் பாருங்கள், எந்தச் சட்டை வாங்குவது என்பதற்குக் கையெழுத்து வேண்டாம்.

சொத்தை ‘தம்பியை நீ பார்த்துக்கோ’ என்று சொல்லி அப்படியே அண்ணன் பேரில் எழுதிவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும், அவனுக்குக் கடன் வரலாம், அவனே முதலில் போய்விடலாம். பிள்ளையின் நன்மைக்கென்று தனி டிரஸ்ட் ஒன்றை, உயில் மூலமாகவோ இப்போதேவோ ஏற்படுத்தி, இரண்டு மூன்று பேரை டிரஸ்டியாகப் போடுங்கள், அதில் ஒருவராவது உங்கள் தலைமுறைக்கு அடுத்தவராக இருக்கட்டும். உயில் இல்லாமல் இப்போதே எழுதுவதாக இருந்து, அதில் வீடு நிலம் வந்தால் பத்திரப்பதிவு கட்டாயம். வீட்டை நடத்துகிற அமைப்பு வேறு, ஆளாளுக்குரிய பணம் வேறு, இரண்டையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது. நடத்துகிற அமைப்பை டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையில் பதிந்த அமைப்புகளுக்கு ‘சமர்த் கம் கரோண்டா’ என்ற தங்கும் இல்லத் திட்டம் இருக்கிறது, ஆனால் அந்தப் பணத்தை நம்பி மட்டும் வீட்டை ஆரம்பிக்காதீர்கள்.

குடிபோன பிறகு

முதலில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி, அப்புறம் நாலு, அப்புறம் வார விடுமுறைக்கு மட்டும் அம்மா வீடு. அவர்களுடைய தலையணை, போர்வை, சாமி படம், பழைய டம்ளர் எல்லாம் முதல் நாளே அங்கே இருக்க வேண்டும். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் அழுவார்கள், தினமும் டிபன் கேரியரில் குழம்பு கொண்டுவருவார்கள். கொஞ்ச நாள் விடுங்கள். அப்புறம் நாலு பேருக்குமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், தானாகக் குறைந்துவிடும்.

பகலில் வீட்டிலேயே அடைந்து கிடக்கக் கூடாது. தொழிற்பயிற்சி மையமோ, கடையில் பாக்கெட் போடும் வேலையோ, தோட்டமோ, எங்காவது போய் வர வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ஆதார் முகவரியை மாற்றுங்கள், வாக்காளர் பட்டியலில் இந்த முகவரியில் பெயர் சேருங்கள். கோர்ட் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால் ஒழிய, அறிவுசார் குறைபாடு என்பதற்காக ஓட்டை மறுக்க முடியாது. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வாசலில் வந்து நின்று அவர்களிடம் ஓட்டுக் கேட்டால், தெருவே அவர்களை வேறு கண்ணால் பார்க்கும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூப்பு சீக்கிரமே வரும், நாற்பது ஐம்பதுகளிலேயே மறதி நோய் தொடங்கலாம், தைராய்டு குறைவதாலும் அதே மாதிரி மந்தம் வரலாம். வருஷம் ஒரு தடவை தைராய்டு, கண், காது பரிசோதனை வைத்துக்கொள்ளுங்கள். ‘சோம்பேறி ஆகிவிட்டான்’ என்று திட்டுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை.

கடைசியாக, யாராவது ஒருவர் வெளியேறினால் என்ன செய்வது என்பதை எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிவைத்துவிடுங்கள். எத்தனை மாச நோட்டீஸ், முன்பணம் எப்போது திரும்பும், காலியான இடத்துக்கு வருகிறவரை யார் தேர்ந்தெடுப்பது. அந்தத் தேர்வில் மீதி மூன்று பேருக்கும், அதாவது உள்ளே வாழ்கிறவர்களுக்கும், ஆளுக்கு ஒரு ஓட்டு இருக்கட்டும்.